முகப்பேரில் மட்டும் வரும் சத்தம்

என் வாக்கின் விலை இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். வாக்குக்கு விலையே கிடையாது என்று எங்கள் அத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் ஒருவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அதனால் அவருக்கு விலை தெரிய வாய்ப்பில்லாமல் போயிற்று.

பூந்தமல்லி பஜாரில் எங்களுடையது பழைய பொருள் கடை. பலகையில் ‘பக்கீர் முகமது அண்ட் சன்ஸ்’ என்று இருக்கும். மகன் நான் ஒருவன்தான், பெயர் ஜுல்ஃபிகர். ‘சன்ஸ்’ என்று போட்டால் உள்ளே நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்து ஜனங்கள் குரலை உயர்த்திப் பேரம் பேசமாட்டார்கள் என்பது அத்தாவின் கணக்கு. பலகைக்குக் கீழே சிவப்புப் பெயிண்டில், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’ இந்த ஒரு வரியில்தான் கடை நிற்கிறது. பழைய பொருளை வாங்குகிறவன் வீட்டுக்குப் போனதும் வருத்தப்படுவான். வருத்தத்துக்கெல்லாம் பணம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தால் நான் கடை நடத்த முடியாது, கட்டிலைப் போட்டுத் தூங்கத்தான் முடியும்.

அந்த வரியைத் தினமும் படிப்பவர் ஒருவர் உண்டு. பக்கத்து எவர்சில்வர் பாத்திரக் கடை மணவாளன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு ட்ரெட்மில் வாங்கினார். நடந்தது ஒரு வாரம், இப்போது அதன்மேல் துண்டு காய்கிறது. அதை என் தலையில் திருப்பிக் கட்ட அன்று முதல் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணுக்குப் பயந்து, நாக்கைத் தொங்கப்போட்ட திருஷ்டிப் பூதம் ஒன்றின் படத்தை அவர் கடையைப் பார்த்தமாதிரி மாட்டியிருக்கிறேன். மறுநாளே அவர் என் கடையைப் பார்த்தமாதிரி ஒன்று மாட்டினார். இரண்டு பூதங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பதால் நாங்கள் இருவரும் சௌகரியமாகப் பேசிக்கொள்ள முடிகிறது.

இப்படிப்பட்ட கடையில்தான் விக்ரம் வந்து நின்றான். நாமக்கல் பக்கத்துப் பையன், ஐ.டி. வேலை, முகப்பேரில் ஃப்ளாட்டில் அம்மாவோடு இருக்கிறான். அமெரிக்கா போன ஒருவர் விட்டுப்போன ரோடு பைக் என்னிடம் இருந்தது. கறுப்பு. எலும்பும் தோலுமாக, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். முப்பத்தைந்தில் நான் நின்றேன், இருபதில் அவன் நின்றான். இரண்டு டீ முடிந்து, நான் ஏறக்குறைய அழுது, அவன் இரண்டு தடவை எழுந்து போவதுபோல் பாவனை செய்து, கடைசி இரண்டாயிரத்தில் இருவரும் மாட்டிக்கொண்டோம். காசைக் குறைக்க மனம் வராதபோது வியாபாரி வேறு எதையாவது கூட்டிக் கொடுப்பான். பூட்டு, பம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் கொடுத்துவிட்டேன். என்னிடம் பாக்கியிருந்தது வாக்கு ஒன்றுதான்.

“கியர் மாத்தறப்ப சத்தம் வருமுங்களா பாய்?” என்றான்.

“சத்தமா? தம்பி, இந்த வண்டி ஓடுறது இந்த வண்டிக்கே தெரியாது. கியர்ல சத்தம் வந்தா கொண்டாந்து நிறுத்துங்க. முழுப் பணத்தையும் எண்ணிக் கையில வைக்கிறேன்.”

பக்கத்துக் கடையில் மணவாளன் குடத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

“வாபஸா? எல்லாப் பொருளுக்குமா பாய்?”

“இந்த ஒண்ணுக்கு மட்டும்.”

“சரி சரி. காதுல வுழுந்துச்சு” என்று மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரமே போன் வந்தது. “பாய், கியர் சத்தமுங்க. கர்ர்ர்ருன்னு இழுத்துட்டு அப்பறம் டக்குன்னு விழுவுது. சின்ன பல்லுக்கு எறங்கவே மாட்டேங்குது.”

கொண்டுவரச் சொன்னேன். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் வேம்புலியையும் வரவழைத்தேன். வேம்புலி எனக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். ரயில் பெட்டி சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன், காதில் அவனை ஏமாற்ற முடியாது. விக்ரம் முகப்பேரிலிருந்து அந்த வண்டியிலேயே வந்து இறங்கினான். முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

“வர்ற வழியில வரலைங்க” என்றான்.

“எது வரல?”

“சத்தம்.”

வேம்புலி பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மிதியைச் சுற்றினான். லிவரைத் தட்டத் தட்ட, செயின் பெரிய பல்லுக்கு ஏறியது, சின்னப் பல்லுக்கு இறங்கியது. துணிக்கடையில் பட்டுப்புடவை விரிப்பதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“ஒண்ணியும் இல்ல நைனா. சூப்பரா கீது.”

“நேத்து ராத்திரி பூரா கத்துச்சுங்க” என்றான் விக்ரம்.

“டாக்டர் ஊட்டாண்ட வந்ததும் பல்லு வலி நின்னுடும் பாரு, அந்த மாரிதான்” என்று சொல்லி, சும்மா அனுப்பக்கூடாது என்பதற்காக வேம்புலி எண்ணெய் போட்டு, கியர் மாற்றியின் திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டான்.

வண்டி பளபளவென்று இருப்பதைக் கவனித்தேன். “ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்களே தம்பி?”

“அம்மாதானுங்க. பாய் கடைக்குப் போறேன்னு சொன்னதும் இருடான்னு நிறுத்தித் தொடச்சுக் குடுத்தாங்க.”

நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அதற்கு மேல் நினைக்கத் தோன்றவில்லை.

அன்று இரவு சத்தம் வரவில்லை. மறுநாள் மாலை வந்துவிட்டது. இந்தத் தடவை விக்ரம் வாயால் சொல்லவில்லை. பால்கனியில் வண்டியைத் தூக்கி, மிதியைச் சுற்றி, போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். கர்ர்ர்ர்... கர்ர்ர்ர்... டக்.

சமையலறையிலிருந்து என் மனைவி ரோஷன் பேகம் எட்டிப் பார்த்தாள். “யாருங்க, பழைய கிரைண்டர் விக்கக் கூப்பிடுறாங்களா? வேணாம்னு சொல்லுங்க, இருக்குறதே போகல.”

நான் வேம்புலியையும் அந்த அழைப்பில் சேர்த்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

“எந்த கியர்ல கத்துது தம்பி?” என்றான் வேம்புலி.

“பெரிய கியர்லயிருந்து மாத்துனா வருதுங்க.”

“பெரிய கியரா? அப்ப கேளு. சைடுல ரெண்டு ஸ்க்ரூ கீதுல்ல, மேல கீறத உள்ள திருப்பு.”

திருப்பினான். கர்ர்ர் இன்னும் கூடியது. “இன்னும் திருப்பு” என்றான் வேம்புலி. செயின் கழன்று தொங்கியது. பத்து நிமிஷம் கத்திக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. விக்ரமுக்குப் பெரிய கியர் என்றால் பெரிய பல் உள்ளது, மேடு ஏறுவதற்கானது. மோட்டார் சைக்கிள் பார்த்துப் பழகிய வேம்புலிக்குப் பெரிய கியர் என்றால் டாப் கியர், அதாவது சின்னப் பல் உள்ளது. ஒருவன் கிழக்கே போகிறேன் என்கிறான், இன்னொருவன் சரி என்று மேற்கே வழி சொல்கிறான். இருவரும் தமிழில்தான் பேசினார்கள்.

வண்டி மறுபடி பூந்தமல்லி வந்தது. மறுபடி துடைத்துப் பளபளவென்று. கழன்ற செயினை விக்ரமே மாட்டியிருந்தான். திருகைப் பழையபடி வைத்தும் கொண்டுவந்தான். மறுபடி வழியில் சத்தம் இல்லை.

“இன்னாடா இது” என்று வேம்புலி தலையைச் சொறிந்தான். “வலிச்சா ஏறுது, உட்டா எறங்கலன்னா கம்பிதான் எங்கியோ மாட்டிகினு கீதுன்னு அர்த்தம். ஆனா இங்க மாட்டலியே.” ஹேண்டில்பாரிலிருந்து கியர் மாற்றிக்கு வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓடும் மெல்லிய கம்பியை உருவினான். புதிது போட்டான். செயினும் புதிது. உருவிய பழைய கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாய், இத்த பாரு. நடுவுல மஞ்சாவா இன்னாவோ ஒட்டிகினு கீது.”

“துருவா இருக்கும்.”

“துரு செவப்பால்ல இருக்கும்?”

“புது மாடல் துரு. வெளிநாட்டு வண்டி பாரு” என்றேன். எனக்கு அப்போது கவலை துருவைப் பற்றி இல்லை. வாசலில் மணவாளன் வந்து நின்றிருந்தார்.

“இன்னும் சத்தம் நிக்கலியா?”

“வருது, ஆனா இங்க வரல.”

“எங்க வந்தா என்ன பாய்? வாக்கு வாக்குதானே. நம்ம ட்ரெட்மில்லுகூட எங்க வூட்டுலதான் கத்துது, உங்க கடையில கத்தல.”

இந்தப் பேச்சைத்தான் நான் இரண்டு வருஷமாகத் தவிர்த்து வந்திருந்தேன். விக்ரமின் வண்டி ஒரு தடவை திரும்பி உள்ளே வந்தால் போதும், அதற்குப் பின்னாலேயே ட்ரெட்மில் வரும். அதற்குப் பின்னால் குன்றத்தூர் தாண்டிப் போன ஃபிரிட்ஜ்கள் வரும், மேசைகள் வரும், கால் ஆடும் கட்டில்கள் வரும். விக்ரமிடம் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு போவதோடு நிற்காது, சிவப்புப் பெயிண்டே போய்விடும்.

வண்டியைக் கடையிலேயே நிறுத்திக்கொண்டேன். வேம்புலி அதை எடுத்துக்கொண்டு ஆவடி போய் வந்தான். வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரிவரை போய் வந்தான். வேண்டுமென்றே குழியில் இறக்கினான். மழைத் தண்ணீரில் விட்டான். சத்தமே இல்லை. “கல்யாணப் பொண்ணு மாரி கம்முனு கீது பாய்” என்றான். விக்ரம் வந்து எடுத்துப்போனான். மறுநாள் மாலை போன்: கர்ர்ர்ர், டக்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் புரியவில்லை. வேம்புலிக்கு மட்டும் தினம் ஒன்று புரிந்தது. “லிஃப்ட்ல வண்டிய நட்டுக்கா நிக்கவெச்சு எடுத்துகினு போறாரா? அதான். கம்பி எல்லாம் பின்னால சாஞ்சிடும்.” லிஃப்ட் வேலை செய்யவில்லை, தோளில் தூக்கித்தான் போகிறேன் என்றான் விக்ரம். “அப்ப தோள்தான்” என்றான் வேம்புலி. ரோஷன் பேகத்துக்கு வேறு யோசனை. “அந்தப் புள்ளைக்குக் காதுல ஏதாவது கோளாறா இருக்கும்ங்க.” போனில் எனக்கும் கேட்டதே என்றேன். “அப்ப உங்களுக்கும்” என்றாள்.

எனக்குத் தோன்றியது வியாபாரிக்குத் தோன்றுவது. நான் சின்ன வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்தவன். பொருளைத் திருப்பித் தர முடிவு செய்தவன்தான் அதைத் துடைத்துக் கொண்டுவருவான். வைத்துக்கொள்ளப் போகிறவன் அழுக்கோடுதான் வருவான். இந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் துடைத்துக் கொண்டுவருகிறான். வீட்டில் ஏதோ செய்து சத்தம் வரவழைக்கிறான், வரும்போது சரிபண்ணிவிடுகிறான். எதற்கு? வேறு எங்கேயோ மலிவாக ஒரு வண்டி பார்த்திருப்பான். பணம் வேண்டும். இவ்வளவு நல்ல யோசனை எனக்கு வந்ததில் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

விக்ரமும் சும்மா இல்லை என்று அவனுடைய அடுத்த போனில் தெரிந்தது.

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே பாய்? உங்க கடைக்கு வந்ததும் வேற நல்ல சக்கரம் மாட்டி ஓட்டிக் காட்டிட்டு, குடுக்கறப்ப பழசை மாட்டிடறீங்களோன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க.”

“எந்த ஃப்ரெண்ட்ஸ்?”

“எங்க சைக்கிள் குரூப்புங்க. முப்பது பேர் இருக்கோம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் நெமிலிச்சேரி வழியா திருவள்ளூர் போறோம். அதுலயும் சத்தம் வந்தா நான் வண்டியைக் கொண்டாந்து விட்டுர்றேனுங்க. நீங்க சொன்ன வார்த்தைதான்.”

முப்பது பேர் முன்னால் என் வாக்குக் கர்ர்ர் என்று கத்தப்போகிறது. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, போன் செய்யாமல் முகப்பேருக்குப் பஸ் ஏறினேன். கள்ளனைப் பிடிப்பதானால் சொல்லாமல் போக வேண்டும்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது விக்ரமின் அம்மா சுலோசனா. போனில் பின்னணியில் குரல் கேட்டிருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

“யாருங்க?”

“பூந்தமல்லி ஜுல்ஃபிகர்ம்மா. சைக்கிள் கடை பாய்.”

அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கண் ஒரு தடவை என்னைப் பார்த்தது, ஒரு தடவை பால்கனிப் பக்கம் போயிற்று.

“வாங்க, வாங்க... பையன் காய் வாங்கப் போயிருக்கானுங்க. வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்திருக்கலாமுங்களே. உக்காருங்க. மோர் குடிங்க.”

சோபாவில் உட்கார்த்தி, கையில் மோர் டம்ளரைத் திணித்து, “இதா வந்தர்றேனுங்க” என்று பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். திரைச்சீலை பாதிதான் மூடியது. அந்த அம்மா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து வண்டிக்கு அடியில் தலையை விடுவது தெரிந்தது. கையில் கத்தரிக்கோல்.

ஆக, பையன் இல்லை. அம்மா! மோரை வைத்துவிட்டு எழுந்து கதவைத் தள்ளினேன்.

“என்னம்மா பண்றீங்க?”

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு கையை வைத்து எதையோ மறைத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லைங்க. தொடைக்கிறேனுங்க.”

“கத்தரிக்கோல்லயா?”

குனிந்து பார்த்தேன். வண்டியின் வயிற்றுக்கு அடியில், மிதி இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கறுப்புக் கம்பத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு. நாலைந்து சுற்று, இறுக்கமான முடிச்சு. முடிச்சுக்கு நடுவில் ஒரு துண்டு விரலி மஞ்சள். கயிறு கம்பத்தை மட்டும் கட்டவில்லை, கம்பத்துக்குக் கீழே ஓடும் கியர் கம்பியையும் சேர்த்துக் கட்டியிருந்தது. மஞ்சள் துண்டு இரண்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

“அம்மா, கை எடுங்க. ஒரு நிமிஷம்” என்றேன். பின்சக்கரத்தைத் தூக்கி மிதியைச் சுற்றி லிவரைத் தட்டினேன். கர்ர்ர்ர். கர்ர்ர்ர். டக். போனில் கேட்டதைவிட அருமையாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்த அம்மாவைப் பார்த்தேன். தலையசைத்தார். வெட்டினேன். மறுபடி தட்டினேன். பட்டுப்புடவை.

“இதனாலயா சத்தம்?” என்றார் அந்த அம்மா. நிஜமான அதிர்ச்சி. “கம்பிய நான் தொடவே இல்லைங்களே. அது சும்மா ஒரு ஓரமா ஓடிட்டு இருந்துதுங்க. கூட வெச்சுக் கட்டினா கெட்டியா நிக்குமேன்னு...”

“எப்பலேர்ந்து கட்டுறீங்க?”

“வாங்கிட்டு வந்த மறுநாள் ஹேண்டில்ல கட்டினேனுங்க. புது வண்டி, ரோட்டுல போறான், நாலு பேர் கண்ணு படுமில்லைங்க? அவன் அறுத்து வீசிட்டான். ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்களாம். அதான் அவன் கண்ணு படாத எடமாப் பாத்து...”

“சரி. அப்ப எங்க கடைக்கு வரும்போது மட்டும் ஏன் அவுக்குறீங்க?”

முந்தானையைத் திருகினார்.

“அது... உங்க மார்க்கத்துல இதெல்லாம் ஆகாதுன்னு சொல்வாங்களாமுங்க. நீங்க குடுத்த வண்டி. அதுலயே கயித்தக் கட்டி உங்க வாசலுக்கே அனுப்பிச்சா மரியாதை இல்லைங்களே. பாய் வண்டி மேல நம்பிக்கை இல்லைன்னு நீங்க நெனச்சுப்போட்டீங்கன்னா? அதான் பையன் கெளம்பறப்ப தொடைக்கிறாப்பல அவுத்துருவேன். அவன் ஊட்டுக்கு வந்து ஆபீஸ் போனதும் திரும்பக் கட்டிருவேன்.”

நான் அந்தப் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். துடைத்துக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். நான் அதை வைத்துத்தான் திருட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

“அம்மா, எங்க கடை வாசல்ல நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒரு திருஷ்டிப் பூதம் நிக்குது. பக்கத்துக் கடைக்காரனுக்காக.”

“உங்க கடையிலயா?”

“அது மார்க்கத்துக்காக இல்லம்மா, மணவாளனுக்காக.”

முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே என் கையைப் பார்த்தார், வெட்டிய கயிறு என்னிடம் இருந்தது. “அப்ப நான் வேற எங்க கட்டறதுங்க? கட்டாம மட்டும் அனுப்ப முடியாதுங்க. நாளைக்கு அத்தனை பேர் கூடப் போறான்.”

பேரம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. “சீட்டுக்கு அடியில?”

“மஞ்சளுங்க அது. அது மேல உக்காருவாங்களா?”

“சக்கரத்துல?”

“மிதிபடும்.”

“சும்மா உள்ள எங்கயாவது மறைச்சு வெச்சா?”

“உள்ள வெச்சா யார் கண்ணு அதும்மேல படும்? கண்ணு அதுல படோணுமுங்க, அப்பத்தான் பையன் மேல படாது.”

“அடியில கட்டியிருந்தீங்களே, அது மட்டும் யாருக்குத் தெரிஞ்சுது?”

“ரோட்டுக்குத் தெரியுமுங்களே” என்றார் சளைக்காமல்.

நல்ல வியாபாரியாக வந்திருக்க வேண்டியவர். வண்டியைச் சுற்றி வந்தேன். அந்த ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளும் ஓட்டுகிறவனைத் தாண்டிப் பின்பக்கம் பார்த்து முடியும். முனையில் ஒரு சின்ன ரப்பர் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே குழாய்.

“இதுக்குள்ள வைங்க. கயிறும் மஞ்சளும் உள்ள இருக்கட்டும். விக்ரமுக்குத் தெரியாது. முனை பின்னால பாக்குது பாருங்க. கண்ணு போடுறவன் எப்பவும் பின்னால வர்றவன்தான்ம்மா. முன்னால போறவன் நம்மளைத் திரும்பியே பாக்கமாட்டான்.”

அந்த அம்மா வெகுநேரம் யோசித்தார். எங்கள் கடையில் கட்டில் வாங்க வருகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

“மூடிதான் மறைக்குதுங்களே.”

“கறுப்பு மூடிதானே? கயிறும் கறுப்புதானே?”

“...ரெண்டு முனையிலயும் வெக்கோணுமுங்க.”

“ரெண்டுலயும்.”

“சரிங்க.” மஞ்சளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டாக ஒடித்து வைத்தார். நான் மூடியை அழுத்தினேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க பாய். வருசம் பூரா என்னையச் சொல்லிக்காட்டுவான். உங்க வார்த்தையக் குடுங்க.”

ஒரு வாக்கால் பட்டது போதாதா? ஆனால் அந்த அம்மா என்னைப் பார்த்த விதத்தில் மறுக்க வழியில்லை. “கொடுத்தேம்மா” என்றேன். வாய் மூடுவதற்குள் கதவு திறந்தது. கொத்தமல்லிக் கட்டோடு விக்ரம்.

“பாய்? நீங்க எங்க இங்க?”

“வண்டியைப் பாக்கத்தான் வந்தேன் தம்பி. சரியாயிடுச்சு. சுத்திப் பாருங்க.”

சுற்றினான். ஏற்றினான், இறக்கினான். ஐந்து தடவை சுற்றினான். சத்தம் இல்லாததால் முகம் இன்னும் குழம்பியது. “என்னங்க பண்ணுனீங்க?”

“கம்பியில ஒரு நூல் சிக்கியிருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“நூலா? எப்படி?”

“எப்படியோ...”

“அடியிலயா? அப்ப கம்பியைக் கழட்டி மாட்டுனாரே வேம்புலி அண்ணன், அவர் துடைக்கற துணி நூலா இருக்கும். பார்க்கவே இல்ல பாருங்க!” என்றான். அவன் கண்ணுக்கு எல்லாம் பொருந்திவிட்டது. நான் சுலோசனா அம்மாவைப் பார்த்தேன். அவர் கொத்தமல்லியைப் பார்த்தார்.

“இருக்கும்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் திருவள்ளூர் போய் வந்தார்கள். மதியம் விக்ரம் போன் செய்தான். வண்டி ஓடியது வண்டிக்கே தெரியவில்லையாம். குரூப்பில் இருவர் அடுத்த மாதம் கடைக்கு வருகிறார்களாம். மணவாளன் காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் வந்து, “அப்ப வரலியா?” என்றார். வரவில்லை என்றேன். உள்ளே போய்க் குடத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ட்ரெட்மில்லில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை வேம்புலி வந்தான். உட்காரவில்லை.

“இன்னா பாய், என் துணி நூலாமே? அந்தத் தம்பி குரூப்புல போட்டிருக்கான். அதுல ஒரு பையன் அண்ணனூர்ல நம்ம கஸ்டமரு, அவன் காட்டுறான் எங்கிட்ட.”

“வேம்புலி, அது...”

“நான் துணியே யூஸ் பண்ணல பாய். நீ பக்கத்துல நின்னுகினு இருந்த. பேப்பர்ல தொடச்சேன். நீ பார்த்த. சொல்லு, பார்த்தியா இல்லியா?”

“பார்த்தேன்.”

“அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு நூலு?”

“அது வந்து... எனக்கே புரியல.”

“புரியலியா? உனக்கா?” என்று என்னையே பார்த்தான். பதினைந்து வருஷத்தில் இந்தக் கடையில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு என்று அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. நம்பவில்லை. டீ சொன்னேன், வேண்டாமென்றான். கம்பி, செயின், கூலி எல்லாவற்றுக்கும் காசை எடுத்து நீட்டினேன், கம்பி காசை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு போனான். வாசலில் இரண்டு பூதங்களுக்கும் நடுவில் ஒரு கணம் நின்று எதையோ யோசித்து, பிறகு நேராக மணவாளன் கடைப் படியில் போய் உட்கார்ந்தான்.

கல்லாவில் உட்கார்ந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். விக்ரமுக்குக் கொடுத்த வாக்கு, தீர்ந்தது. சுலோசனா அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, ஓடிக்கொண்டிருக்கிறது, எப்போது முடியும் என்று தெரியாது. மணவாளனுக்கு ஒரு ட்ரெட்மில், அது அவர் கணக்கிலேயே நிற்கிறது. வேம்புலிக்கு அவன் நல்ல பெயர்: முழுசும் பாக்கி.